கேட்கவில்லை என்று சொன்ன பெட்டி

உங்கள் மின்விசிறி நல்ல விசிறி. சத்தமே இல்லாமல் ஓடுகிறது. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் மேலாளர் பாதி நாள் எரிந்து விழாமல் இருந்திருப்பார். நீங்கள் ஏன் முகம் சுளித்து எழுந்து போய் அதை நிறுத்தினீர்கள் என்று தெரியவில்லை. போகட்டும், வியர்த்தால் துடைத்துக்கொள்கிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். கேட்பதை என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். காகிதத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறவர்களோடு எனக்குப் பேச வராது. மரியாதைக்காகச் சொல்லவில்லை, பழக்கம்.

இறந்தவர் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். தம்பி. உடன்பிறந்த தம்பி, என்னைவிட ஏழு வயது சின்னவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அவன் எப்படிப் போனான், அதில் என் கை எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னைக் கூட்டி வரவில்லை. நானே பஸ் பிடித்து வந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களுடையது குளிர்கிடங்கு. மீன், பட்டாணி, பழக்கூழ், மருந்து என்று கெட்டுப்போகக்கூடிய எல்லாவற்றையும் உறையவைத்துக் காக்கிற இடம். குளிரை உண்டாக்க ஆறு கம்ப்ரசர்கள். ஆறும் அம்மோனியாவில் ஓடுபவை. ஒழுங்காக ஓடுகிறவரை அவற்றைப் போலச் சாதுவான ஜீவன்கள் கிடையாது. கசிந்தால் அந்த வாயு முதலில் கண்ணைப் பிடிக்கும், அப்புறம் தொண்டையைப் பிடிக்கும், அதற்கப்புறம் நேரம் கொடுக்காது. அந்த ஆறுக்கும் முப்பத்தொரு வருஷம் பொறுப்பு நான். அங்கே போய் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘காதம்மா’ என்று கேட்டால் வாசல் காவலாளியே கூட்டிக்கொண்டு வந்து விடுவார்.

பெயர் வந்த காரணம் சின்னது. நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று வைத்திருப்பேன். அதன் நுனியைக் கம்ப்ரசரின் பேரிங் இருக்கிற இடத்தில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொண்டு நிற்பேன். உள்ளே ஒரே ஒரு உருளை தேய்ந்திருந்தாலும் தெரிந்துவிடும். “மூணாம் நம்பருக்கு ஜலதோஷம் புடிச்சிருக்கு, கழட்டுங்க” என்பேன். கழற்றிப் பார்த்தால் இருக்கும். அந்த வயதில் தப்பியதே இல்லை.

கேட்பது காதின் வேலை மட்டும் இல்லை, ஐயா. உள்ளங்கையை வைத்தால் போதும், அதிர்வது மோட்டாரா, பம்பா, தண்டா என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்வேன். எதிரில் நிற்பவர்களின் முகத்திலும் சத்தம் தெரியும். நான் ஸ்க்ரூடிரைவரை ஊன்றும்போதெல்லாம் என் தம்பி எதிரில் வந்து நிற்பான். ஓட்டம் சரியில்லை என்றால் அவன் இடது புருவம் லேசாகச் சுருங்கும். “இதுல ஏதோ இருக்கு” என்பேன். ஆறேழு வருஷமாக இப்படித்தான் நடந்தது. அவன் புருவத்தை நான் பார்க்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. அக்கா தம்பிக்குள் எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசித்தான் ஆக வேண்டுமா.

நான்கு மாதத்துக்கு முன்னால் மேலாளர் கூப்பிட்டார். “காதம்மா, ஊரே செயற்கை நுண்ணறிவு வாங்குது, நாம மட்டும் வாங்கலன்னா கேவலமா இருக்கு. மெஷின் கெடறதுக்கு முன்னாடியே சொல்ற பெட்டி வந்திருக்காம். ரெண்டு பேர வரச் சொல்லியிருக்கேன். எது அசலு, எது வெறும் விளம்பரம்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். நீங்க எழுதறதுதான் முடிவு.”

சரியான ஆளிடம்தான் கொடுத்தார். வெற்று ஆரவாரத்தைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி. ஒருமுறை ‘நுண்ணறிவு வெப்பமானி’ என்று கொண்டுவந்தார்கள். மேலே ஒட்டியிருந்த தாளைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன். அடியில் பழைய தாள் இருந்தது, ‘வெப்பமானி’ என்று மட்டும். கொண்டுவந்தவர் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்.

இந்த முறை முதலில் வந்தவர் பளபளவென்று கோட்டு போட்டவர். கூடவே பெரிய திரை. அதில் ஒரு நீல வட்டம் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும், நடுவில் பச்சை எழுத்தில் ‘ஆரோக்கியம் 98 சதவீதம்’. அவர் ஒரு மணி நேரம் பேசினார். வெளியே வந்ததும் என் தம்பி காதோரம் வந்து, இல்லை, முன்னால் வந்து நின்று சொன்னான்: “நுண்ணறிவுன்னு எழுபத்தி மூணு தடவ சொல்லிட்டாருக்கா. விரல் விட்டு எண்ணினேன். இருக்கிறவன் இத்தன தடவ சொல்ல மாட்டான்.” அன்றிலிருந்து அவருக்கு எங்களுக்குள் நுண்ணறிவுக்காரர் என்று பெயர்.

இரண்டாவதாக வந்தவர் ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு துணிப்பையிலிருந்து வர்ணம் கூடப் பூசாத தகரப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். மேலே இரண்டு வரி எழுத்து காட்டுகிற சின்னக் கண்ணாடி, ஒரு நீளமான வயர், வயரின் நுனியில் பொத்தான் அளவு காது. “இது என்னென்ன செய்யும்?” என்று மேலாளர் கேட்டார். “கேக்கும் சார்” என்றார் அந்த அம்மா. “அப்புறம்?” “அவ்வளவுதான் சார். நல்லா கேக்கும்.” மேலாளருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

இரண்டையும் நாலாம் நம்பர் கம்ப்ரசரில் மாட்டச் சொன்னேன். மாட்டிய அன்றே நுண்ணறிவுக்காரரின் திரை 98 என்றது. துணிப்பை அம்மாவின் பெட்டி ‘தெரியாது. இன்னும் கேட்க வேண்டும்’ என்று எழுதியது. மறுநாளும் அதையே எழுதியது. மூன்றாம் நாளும். நுண்ணறிவுக்காரர் சிரித்தார். “என்னம்மா, உங்க பெட்டி இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்குதா?” அந்த அம்மா வயரின் நுனியை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பொருத்தினார்.

நான் சிரிக்கவில்லை. அசலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரியும். 98 சதவீதம் ஆரோக்கியம் என்றால் அது பொய்யா மெய்யா என்று எதைக் கழற்றிப் பார்ப்பீர்கள்? அப்படி ஒரு பேச்சு எப்போதும் தோற்காது, அதனால் அது எதையும் சொல்லவும் இல்லை. நாலாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது, கம்ப்ரசரிலிருந்து நுண்ணறிவுக்காரரின் திரைக்குப் போகிற வயரை மேசைக்கு அடியில் பிடுங்கிவிட்டேன். நீல வட்டம் சுழன்றது. ஆரோக்கியம் 98 சதவீதம். வயர் என் கையில் இருக்கிறது, ஐயா. வயரை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தேன். 98.

பிறகு அந்த அம்மாவின் வயரைப் பிடுங்கினேன். சின்னக் கண்ணாடியில் எழுத்து மாறியது. ‘எனக்குக் கேட்கவில்லை’.

அதை இன்னொரு முறை படித்தேன். முப்பத்தொரு வருஷத்தில் அந்த அறையில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

நீங்கள் குனிந்தபடி ஏதோ கேட்டீர்கள். வேண்டாம், தேநீர் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அது இல்லையா. நான் சொல்வதை எழுதுகிற இந்தக் காவலர் ஏன் நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கிறார்? நான்தான் சொன்னேனே, முகத்தைப் பார்த்துக் கேளுங்கள் என்று. ஆமாம், அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. எது அசல், எது விளம்பரம் என்பதில் எனக்கு ஒரு நிமிஷமும் குழப்பம் இருந்ததில்லை. என் திறமை குறைந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

ஒன்பதாம் நாள் பெட்டி எழுதியது: ‘நாலு. முன்பக்க பேரிங். மெல்லிய கீச்சு.’

மேலாளர், துணிப்பை அம்மா, நுண்ணறிவுக்காரர், என் தம்பி எல்லாரும் கம்ப்ரசர் அறைக்கு வந்தார்கள். நான் ஸ்க்ரூடிரைவரை ஊன்றினேன். நல்ல ஓட்டம். எண்ணெய் போட்ட தையல் மெஷின் மாதிரி. நிமிர்ந்து தம்பியைப் பார்த்தேன். அன்றைக்குப் பார்த்து அவன் நுண்ணறிவுக்காரருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். கோட்டுதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

“ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு” என்றேன்.

துணிப்பை அம்மா என்னையே பார்த்தார். குத்திக்காட்டுகிற பார்வை இல்லை, அக்கறைதான். “அம்மா, உங்களுக்குக் கேக்கலையா?” என்றார். “இப்ப இங்க நிக்கிறவங்களுக்கே கேக்குதே.”

மேலாளர் கழுத்தைச் சாய்த்துக் கேட்டார். நுண்ணறிவுக்காரர் கூடக் கேட்டார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“கேட்டா சொல்ல மாட்டேனா?” என்றேன். “அது பெல்ட் கத்துறது. உங்க பெட்டிக்கு பெல்ட்டும் பேரிங்கும் ஒண்ணுதான் போல.” மேலாளர் சிரித்துவிட்டார். என் பேச்சைத்தான் அவர் முப்பது வருஷமாக நம்பிவந்தார். அந்த அம்மா வயரைச் சுருட்டத் தொடங்கினார். போகும்போது என் கையைப் பிடித்து, “ஒருதடவ தொறந்து பாத்துடுங்கம்மா” என்றார். நல்ல பெண்மணி.

திறந்து பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, நாலாம் நம்பரை நிறுத்திவிட்டு, தம்பியை டார்ச் பிடிக்கச் சொல்லி மூடியைக் கழற்றினேன். முன்பக்க பேரிங் நீலம் பாய்ந்திருந்தது. சூட்டில் வெந்த உலோகம் அப்படித்தான் இருக்கும். உருளைகளில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி.

“பெட்டி சொன்னது நெசந்தான்க்கா” என்றான்.

“டார்ச்ச ஆட்டாம புடி.”

“மாத்திடலாமா? ஸ்டோர்ல எழுதிக் கொடுத்தா நாளைக்கே வந்துரும்.”

எழுதிக் கொடுத்தால் காரணம் எழுத வேண்டும். பெட்டி சொன்னது, காதம்மா சொல்லவில்லை என்று எழுத வேண்டும். நான் மூடியைத் திரும்ப மாட்டினேன். அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன், இந்த விவகாரம் ஆறிய பிறகு. பேரிங் தேய்ந்தால் தண்டு ஆடும். தண்டு ஆடினால் வாயுவை அடைத்து நிற்கிற சீல் விடும். சீல் விட்டால் வாயு. இது எனக்குத் தெரியாமல் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

திங்கட்கிழமை அறிக்கை கொடுத்தேன். உங்கள் கோப்பில் அது இருக்கும். ‘இரண்டாவது பெட்டி ஆரம்ப நிலையில் உள்ளது. அடிக்கடி தெரியாது என்கிறது. இல்லாத பழுதைச் சொல்கிறது. விளம்பரத்தைத் தவிர வேறில்லை.’ ஒரு துண்டுத்தாள் விளம்பரம் கூட அடிக்காத பெண்மணியைப் பற்றி அப்படி எழுதினேன். முதல் பெட்டியைப் பற்றி, ‘அனுபவமுள்ளவரின் கணிப்போடு முழுக்க ஒத்துப்போகிறது’ என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. அது என்னோடு எப்போதும் ஒத்துப்போனது.

திரை வந்து மாட்டியபோது நுண்ணறிவுக்காரர் சுவரில் இருந்த வாயு மணியைக் காட்டினார். வாயு கசிந்தால் அடிக்கிற பழைய மணி. “இனிமே இதெல்லாம் எதுக்கும்மா? எல்லாம் திரையிலயே வந்துரும். கழட்டிடலாமா?” கையெழுத்துப் போட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த மணி எப்போதோ பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். மாதச் சோதனையில் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். நானும் பொத்திக்கொள்வேன்.

தம்பி சும்மா இருந்திருக்கலாம். ஆறேழு வருஷம் இருந்தவன்தானே. ஆனால் மணியைக் கழற்றிய அன்று சாப்பாட்டு மேசையில் எதிரில் வந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு வார்த்தையாக, வாயை நன்றாகத் திறந்து, குழந்தைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னான்.

“எத்தன நாளைக்குக்கா நான் புருவத்தச் சுருக்கிக்கிட்டே நிக்கிறது?”

“யாரு நிக்கச் சொன்னது?”

“நாலாம் நம்பர் கத்துறது வாசல் வரைக்கும் கேக்குது. உனக்குக் கேக்கல. அதுல என்ன வெக்கம்? கண்ணாடி போடல நீ? அதுமாதிரி காதுக்கும் ஒண்ணு மாட்டிக்க. நானே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன்.”

“அப்புறம் எல்லாரும் என்னைய என்னன்னு கூப்பிடுவாங்க?”

அவன் சிரித்தான். சின்ன வயதில் சிரிப்பது மாதிரியே. “அக்கான்னு நான் கூப்பிடுவேன். போதாதா?”

எனக்கு அது போதவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சம்பவம் நடந்த அன்று காலை பத்து மணிக்கு மேலாளரைப் பார்க்கப் போவதாகச் சொன்னான். “உன்னப் பத்தித் தப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்க்கா. நாலாம் நம்பர நிறுத்தச் சொல்லப் போறேன். காதப் பத்தியும் சொல்லணும், வேற வழியில்ல.” சரி, போ என்றேன். “போறதுக்கு முன்னால நாலுல எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு மட்டும் பாத்துட்டுப் போ.” அது தினமும் செய்கிற வேலை. அந்த நிமிஷத்தில் சீல் விடும் என்று எனக்கு ஜோசியமா தெரியும்? உள்ளே போகும்போது, “வந்து தேநீர் குடிக்கலாம், இரு” என்றான். என் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னான், அதனால் தெரியும்.

நான் வெளியே நடையில் நின்றேன். முதலில் வந்தது வாடை. கதவுக்கு மேலே திரை பச்சையாகத்தான் இருந்தது. நீல வட்டம் சுழன்றது. 98.

நடையின் மறுகோடியில் பொட்டலம் கட்டும் கூடம். அங்கே அறுபது பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். விதி என்னவென்றால், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், பதில் இல்லையென்றால் கதவைச் சாத்த வேண்டும். விதிப்படிதான் செய்தேன். “தம்பி, வெளிய வா” என்று மூன்று தரம் கூப்பிட்டேன். பதில் வரவில்லை. கதவைச் சாத்தினேன். கொண்டி போட்டேன். தானாகத் திறந்துகொள்ளக் கூடாது என்று இரண்டு உள்ளங்கையையும் கதவில் ஊன்றிக்கொண்டு நின்றேன். அறுபது பேரும் பின்வாசல் வழியாக வெளியேறினார்கள். ஒருத்திக்குக் கண் எரிச்சல் கூட இல்லை. மேலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இதையும் நீங்கள் எழுத வேண்டும், அறுபது என்று எண்ணாகவே எழுதுங்கள்.

மூன்றாம் நாள் தம்பி மனைவியைப் பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். “அண்ணி” என்று ஒருமுறை திரும்பினாள், அது தெரிந்தது. பிறகு சுவரைப் பார்த்தபடியே ஏதோ கேட்டாள். முதுகு குலுங்கியது. ஆறுதலாக இருக்கட்டும் என்று, “ஆமாம்மா” என்றேன். அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்ன கேட்டாள் என்று இதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் என்னோடு பேசுவதும் இல்லை.

கொண்டி எதற்கு என்று கேட்கிறீர்கள். சாத்தினால் போதும், கொண்டி போடச் சொல்லி விதியில் இல்லை. சரிதான்.

கதவில் ஏதாவது தெரிந்ததா என்கிறீர்கள். தெரிந்தது. அதிர்ந்தது. ஆறேழு முறை வேகமாக. பிறகு நின்றது. பிறகு மூன்று முறை, மெதுவாக, கீழே, என் முழங்கால் உயரத்தில். கம்ப்ரசர் ஓடுகிறது என்று நினைத்தேன்.

என் தம்பி கதவுக்கு வருவதற்கு முன்பே எல்லாக் கம்ப்ரசரையும் நிறுத்தியிருந்தான் என்கிறீர்கள். பொத்தானில் அவன் கைரேகை இருக்கிறது என்கிறீர்கள். நல்ல வேலைக்காரன் அவன், அப்படித்தான் செய்திருப்பான். அப்படியானால் அது கம்ப்ரசர் இல்லை. உள்ளங்கையை வைத்து எது அதிர்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று கொஞ்சம் முன்னால் நானேதான் சொன்னேன். மறக்கவில்லை.

அவர் எழுதட்டும், நான் நிதானமாகவே சொல்கிறேன். அசல் பெட்டி எது என்று தெரிந்தே திருப்பி அனுப்பினேன். போலி எது என்று தெரிந்தே வாங்க வைத்தேன். பேரிங்கைக் கண்ணால் பார்த்துவிட்டு மூடினேன். மணியைக் கழற்றக் கையெழுத்துப் போட்டேன். என் காதைப் பற்றி அறிந்த ஒரே ஒருவனை, அவன் அதைச் சொல்லக் கிளம்பிய காலையில், அந்த அறைக்குள் அனுப்பினேன். கொண்டி போட்டேன். கதவு அதிர்ந்தபோது கையை எடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

அவன் கத்திக் கூப்பிட்டான் என்று கிடங்கு முற்றத்தில் இருந்தவர்கள் உங்களிடம் சொன்னதை மட்டும் அடித்துவிடுங்கள். முப்பத்தொரு வருஷம் அந்தக் கதவுக்கு வெளியே நின்றவள் நான். கூப்பிட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.